கரடியை விட்டுத் தள்ளி நில்லுங்க

மியூசியத்தில் "தொடாதீர்கள்" என்று எழுதி வைப்பது உலக வழக்கம். "தயவுசெய்து செருப்பைக் கழற்றாதீர்கள்" என்று எழுதி வைத்தது எங்கள் மியூசியம் ஒன்றாகத்தான் இருக்கும். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்து சனங்களுக்கு, உள்ளே நல்ல பாம்பு இருக்கிறது, மயில் இருக்கிறது, ஆமை இருக்கிறது என்றால் அது கோயில் இல்லாமல் வேறென்ன? வெளி கேட்டிலேயே செருப்பை அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். போட்டால் போகட்டும். கேட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு முற்றம் கிடக்கிறது, சுத்தக் கரிசல். ஐப்பசி மழையில் அதில் வெறுங்காலோடு நடந்து, ஆளுக்கு ஒரு கிலோ மண்ணைப் பாதத்தில் அப்பிக்கொண்டு, பயபக்தியோடு என் வெள்ளை டைல்ஸ் மேல் வந்து நிற்பார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு வரக் கூடாதா என்று கேட்டால், "சாமி இருக்க எடத்துல எப்படிம்மா?" என்று என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்பது போர்டில் இருக்கிற பெயர். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த சாமான்கள். பாடம் பண்ணிய மிருகங்கள், பாட்டிலில் மிதக்கும் பாம்புகள், எலும்புக்கூடுகள், சிப்பிகள், பறவை முட்டைகள். அவர் காலத்துக்குப் பிறகு அதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டு தூங்க அவர் பிள்ளைகளுக்குப் பயம். பழைய குச்சி குடோனைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, லைட் போட்டு, மியூசியம் ஆக்கிவிட்டார்கள். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இடைசெவல் பக்கத்து எங்கள் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை அதற்கு வேலைக்கு எடுத்தார்கள். டிக்கெட் கிழிப்பது, விளக்கம் சொல்வது, தூசி தட்டுவது, அதட்டுவது எல்லாம் நான்தான்.

என் அம்மா அதை மியூசியம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மெட்ராசுக்கு டூர் போய்வந்தவர்கள் யாரோ சொல்லிக்கொடுத்த "செத்த காலேஜ்" என்ற பெயர்தான் அவள் வாயில் வரும். கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எம் மக செத்த காலேஜ்ல வேலை பாக்கா" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளே என்னென்ன செய்யக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. கண்ணாடியில் சாயக் கூடாது. தின்பண்டம் கூடாது, ஏனென்றால் கடலை மிட்டாய் தின்ற கை அடுத்து எங்கே போகும்? நேரே கண்ணாடிக்குத்தான் போகும். அம்புக்குறி காட்டுகிற வழியில்தான் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அதை எழுதியவருக்கு எங்கள் சனங்களைத் தெரியாது. நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் அல்லவா? எங்கள் நரியோ வரிசையில் கடைசியில் நிற்கிறது. ஆகவே உள்ளே நுழையும்போதே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, அம்புக்குறிக்கு எதிராக நேரே நரியிடம் போய்க் கண்ணைத் திறக்கிற ஆம்பிளைகளை நான் வாரா வாரம் பார்த்திருக்கிறேன். நடுவில் தூணில் முட்டிக்கொள்வதும் உண்டு. முட்டினாலும் கண்ணைத் திறக்க மாட்டார்கள்.

காட்டுப்பன்றிக்கென்று தனியாக ஒரு சட்டம்: அடிக்கக் கூடாது. சிரிக்காதீர்கள். மக்காச்சோளம் போட்ட சம்சாரிகள் அதைக் கண்டதும் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை மறந்துவிடுவார்கள், வந்த காரியத்தை மறந்துவிடுவார்கள். "ஏலே, ஒத்த ராத்திரியில அம்புட்டுக் கருதையும் ஒழப்பிட்டுப் போனியே, இப்ப ஓடுலே பாப்போம்!" என்று துண்டை முறுக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்தப் பன்றி இந்த ஜில்லாவையே பார்த்திராத பன்றி, முதலாளி வடக்கே எங்கேயோ வாங்கியது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒரு காது போய்விட்டது. இன்னொரு காதைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தேன்.

ஆனால் என் உயிரை எடுத்தது கரடிதான். பச்சைப்பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு அழுதால், கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் பயம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முன்பெல்லாம் கரடியை நடத்திக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவர்களிடம் முடி வாங்கிக்கொள்வார்கள். கரடி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்து அவர்களும் வருவதில்லை. மிச்சமிருந்தது என் கரடி. நான் இந்தப் பக்கம் திரும்பினால் போதும், அந்தப் பக்கம் ஒரு கை முளைக்கும். இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்துவிட்டது. சுற்றிக் கயிறு கட்டினேன். கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனார்கள்.

போர்டை யாரும் வாசிப்பதில்லை. ஆகவே நான்தான் கத்த வேண்டும். இயல்பிலேயே எனக்குக் கொஞ்சம் கணீரென்ற தொண்டை. குடோனுக்கு உயரமான கூரை. "யாரது கண்ணாடியில சாயுதது?" என்று நான் கேட்டால் முற்றத்து வேப்பமரத்தில் காக்காய் பறக்கும். என் புகழ் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரவியிருந்தது. மூன்று இடங்களில் இருந்து பெண் கேட்டு, கோவில்பட்டியில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா வாய்க்காரி என்று சொன்னார்களாம். நான் முப்பதைத் தொடப்போகிறேன். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் தரகர் அண்ணாச்சி எட்டயபுரத்து இடத்தைக் கொண்டுவந்தார். பையன் பேங்கில் வேலை. வயது முப்பத்திரண்டு. "தங்கமான பையன். கேட்ட கேள்விக்கே பதில் சொல்ல மாட்டான், அம்புட்டு அமைதி" என்றார். அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவியளுக்கு ஒரு ஆசை" என்றார் அண்ணாச்சி. "ஞாயித்துக்கிழமை பொண்ணை வேலை பாக்குத எடத்துலயே வச்சுப் பாத்துக்கிடுதோம்ங்காவ. டிக்கெட் எடுத்துட்டு சனத்தோட சனமா வருவாவ. பாப்பாவ, போயிருவாவ. பிடிச்சிருந்தா அப்புறம் முறைப்படி பூ, பழத்தோட வீட்டுக்கு வருவாவ."

இது எங்கள் பக்கம் உள்ள பழக்கம்தான். வழக்கமாக ஏதாவது கோயிலில் வைத்து நடக்கும். தற்செயலாகச் சாமி கும்பிட வந்த மாதிரி வந்து, பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிடிக்காவிட்டால் வந்ததே தெரியாது, பெண் வீட்டுக்கும் மானக்கேடு இல்லை. மியூசியத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டவர்கள் இவர்கள்தான் முதல்.

"ஆளு எப்படி இருப்பாவ? ஒரு போட்டோவாவது காட்டுங்க" என்றேன்.

"முறைப்படி வரும்போது போட்டோ என்ன, ஆளையே பாத்துக்கிடலாம். இப்பவே சொல்லிட்டா அப்புறம் என்னம்மா ரகசியம்?" என்று சிரித்தார்.

அண்ணாச்சி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும் அம்மா என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, ஒரே ஒரு நாள். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் அந்த வாயைப் பொத்திக்கிட்டு நில்லு. எவன் என்ன பண்ணினாலும் அதட்டாத. இந்த இடமும் உன் வாயால தட்டிப் போச்சுன்னு வையி, அந்தச் செத்த காலேஜுக்கு முழுக்குப் போட்டுட்டு வீட்ல கெட."

"ஆமா, அதான் சரி" என்றார் அப்பா. அப்பா ஆமா சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படித்த படிப்புக்கு நானே தேடிக்கொண்ட வேலை. அந்த வழுக்கைக் கரடியும் ஒற்றைக்காதுப் பன்றியும் என்னை விட்டால் யாருக்கு வேண்டும்? மாப்பிள்ளை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், வேலை போய்விடக் கூடாது. அதற்காகவாவது ஞாயிற்றுக்கிழமை ஊமையாக நிற்பது என்று முடிவு பண்ணினேன்.

என்மேல் நம்பிக்கை இல்லாமல் அம்மாவும் கூடவே புறப்பட்டுவிட்டாள். அத்தனை நாளில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவள், பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு, என்னோடு பஸ் ஏறி வந்து, கரடிக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். "எம்மா, உன்னை யாருன்னு கேட்டா?" என்றேன். "டிக்கெட் எடுத்துட்டு வந்தவ. கால் வலிக்குது, உக்காந்திருக்கேன்" என்றாள். என் குரல் கொஞ்சம் ஏறினால் அவள் இருமுவாள். அதுதான் ஏற்பாடு.

முதலில் வந்தது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் அவர் குடும்பமும். "எந்த ஊரும்மா?" என்றார். "என்ன படிச்சிருக்க?" என்றார். "கூடப் பொறந்தவிய எத்தனை பேரு?" என்றார். சரி, ஆள் இவர்கள்தான் என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வெளிமானைப் பற்றி ஒரு பிரசங்கமே பண்ணினேன், தேன் ஒழுக. அவர்கள் வீட்டுப் பொடியன் கண்ணாடியில் டங்டங்கென்று தட்டினான். சிரித்தேன். அம்மா எழுந்து அந்த வீட்டு அம்மாளுக்கு பெஞ்சில் இடம் கொடுத்து, ஊர்க்கதையெல்லாம் பேசினாள். கடைசியில் வெள்ளைச் சட்டைக்காரர், "கழுகுமலைக்கு பஸ்ஸு எங்கனம்மா நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, குடும்பத்தோடு போயே போய்விட்டார். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

அதற்கப்புறம் உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் எனக்கு மாமியாராகத் தெரிந்தாள். யாரென்று தெரியாதபோது என்ன செய்வது? எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசினேன். "கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்களேன்" என்று நான் கேட்பதை ஒரு ஈ காக்காய்கூட மதிக்கவில்லை. ஒரு பெண் திருப்பூரில் இருக்கும் புருஷனுக்கு வீடியோ கால் போட்டு, நரிக்கு முன்னால் போனைப் பிடித்து, "இது யாரு சாடைன்னு சொல்லுங்க" என்றாள். "உங்க அண்ணன்" என்று போனுக்குள்ளிருந்து பதில் வந்தது. அதன்பின் அங்கேயே நின்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டாள். ஒருத்தர் ஆமை ஓட்டின் மேல் வேர்க்கடலையைப் பரப்பி வைத்து உரித்துத் தின்றார். பாம்பு பாட்டிலுக்கு யாரோ குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் குரலை உயர்த்தலாமா என்று நினைக்கும்போதே பெஞ்சிலிருந்து இருமல் வந்துவிடும்.

மத்தியானம் நெருங்கும்போது மூன்று பேர் வந்தார்கள். முறுக்கு மீசையும் தோளில் துண்டுமாக ஒரு பெரிய மனிதர். அவருக்கு அக்கா மாதிரி இருந்த, அரக்கு நிறச் சேலை கட்டிய ஒரு அம்மாள். கூட ஒரு வாலிபன். அந்த வாலிபன் நேரே சுவரில் இருந்த போர்டுக்குப் போய், மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசித்தான். அப்படி வாசித்த ஆளை அதுவரை நான் கண்டதே இல்லை. ஏதோ ஆடிட்டுக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டேன். வாசித்து முடித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீன் பாட்டில்கள் பக்கமாகப் போய் நின்றான்.

நான் அந்த நேரத்தில் பன்றியோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சம்சாரி துண்டை முறுக்கிவிட்டார். "அண்ணாச்சி, அதுதான் செத்துப் போச்சே, கோவத்தை விட்டுருங்களேன்" என்று கெஞ்சினேன். ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்ததென்று அவர் தன் புஞ்சையில் நடந்த அநியாயத்தை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கோபம் கூடி, பன்றிக்கு இன்னொரு அடி போட்டார். நான் ஒட்டி வைத்திருந்த காது விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிரும்போது கரடிப் பக்கம் கண் போனது.

முறுக்கு மீசைக்காரர் கயிற்றுக்கு உள்ளே, கரடிக்கு முன்னால், துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். ஈரத்துண்டைக் காயப்போடுகிறாராம். துண்டுக்குக் கீழே கரடியின் நாலு கால் தெரிந்தது. கூடவே ஒரு அரக்குச் சேலைக்கரையும் தெரிந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா இருமினாள். என் கையில் பன்றிக் காது இருந்தது. இருமிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கயித்துக்குள்ள யாரு? கரடியை விட்டு வெளிய வாங்க!"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் சேர்ந்து வந்தது. கூரை அதிர்ந்தது. வீடியோ கால்காரி போனை அணைத்தாள். கடலைக்காரர் தோலை அள்ளிச் சட்டைப்பையில் போட்டார். சம்சாரி பன்றியை விட்டு விலகினார். நரியைத் தேடிக் கண்ணை மூடி வந்துகொண்டிருந்த ஒருவர் பயத்தில் கண்ணைத் திறந்து, எதிரே இருந்த ஆந்தை முகத்தில் முழித்துவிட்டார், பாவம்.

மீசைக்காரர் மட்டும் அசையவில்லை. "ஏம்மா, என்ன சத்தம் ஒரு மாதிரியா இருக்கு? யாருகிட்ட பேசுதன்னு தெரியுமா?" என்றார்.

"யாரா வேணாலும் இருந்துட்டுப் போங்க. துண்டைத் தோள்ல போடுங்க. கயித்தைத் தாண்டி வெளிய வாங்க. கரடியை விட்டுத் தள்ளி நில்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டி வந்து தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார். பெஞ்சில் இருமல் நின்றுபோயிருந்தது.

கரடிக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் எழுந்து வந்தாள், ஒரு கையை மூடிக்கொண்டு. "கையைத் தொறங்க சித்தி" என்றேன். ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா என்று சொல்லிக்கொண்டே திறந்தாள். ஒரு கொத்துக் கரடி முடி.

"பிள்ளை பயந்துக்கிடுதாம்மா. நாலு முடிதான? இம்புட்டுப் பெரிய கரடிக்கு நாலு முடி போனா என்ன?"

"ஆளாளுக்கு நாலு முடின்னுதான் இங்கன பாருங்க, விலாவுல மொட்டையா நிக்கி. பிள்ளைக்கு எத்தனை வயசு? கைப்பிள்ளையா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டு" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் பாதி சிரித்துவிட்டேன். மீதிச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது. முப்பத்திரண்டு. அமைதியான பையன். மீன் பாட்டில் பக்கம் திரும்பினேன். அங்கே அந்த வாலிபன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பெஞ்சில் அம்மா இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தாள். மாமியாராக வரவேண்டியவளை சித்தி என்று கூப்பிட்டு, ஊர் பார்க்க, திருட்டு முடியோடு கையும் களவுமாகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

போனது போய்விட்டது, சொல்ல வேண்டியதையாவது சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. "முதல்ல அதைக் கீழ போடுங்க. இது அந்தக் காலத்துத் தோலு. பூச்சி அரிக்காம இருக்கப் பாசாணம் தடவிப் பாடம் பண்ணியிருக்கு. இதைத் தாயத்துல அடைச்சு உடம்புல கட்டினா பயம் போவும், கூடவே ஆளும் போயிருவாரு."

ஐயோ என்று அலறி அந்த அம்மாள் கையை உதறினாள். அவளைப் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சோப்பைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றினேன். கழுவிக்கொண்டே பேசினாள்.

"என்ன செய்யச் சொல்லுத? மூணு இடம் பாத்தாச்சு. பொண்ணு வீட்டுக்குள்ள காலை வச்ச உடனே இவனுக்கு வேத்து ஊத்தும். காப்பியைக் கையில குடுத்தா டம்ளரு ஆடும். ஒரு வீட்ல பொண்ணு சேலை மேலயே கொட்டிட்டான். பையனுக்கு என்னமோ வியாதின்னு கதை கட்டிட்டாவ. அதான் இங்கன வச்சுப் பாப்போம்னோம். இங்கன உள்ள காப்பி, பலகாரம் எதுவும் கூடாதுன்னு தரகரு சொன்னாரு."

எனக்கு மனசு இளகிவிட்டது. எங்கள் போர்டில் உள்ள ஒரு சட்டத்தை நம்பி ஒரு தாய் பஸ் ஏறி வந்திருக்கிறாள். என் துப்பட்டாவையே கை துடைக்கக் கொடுத்தேன்.

"நீதான அந்தப் பொண்ணு?" என்றாள்.

"ஆமா."

"வாய்க்காரின்னு சொன்னாவ." கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். "குறைச்சுச் சொல்லிட்டாவ."

போகும்போது அந்த வாலிபன் என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றான். கை நடுங்கத்தான் செய்தது. "தாயத்துக்கு முடி பிடுங்கக் கூடாதுன்னு போர்டுல இல்லீங்க. அதையும் எழுதிருங்க" என்று சொல்லிவிட்டு, அம்புக்குறி காட்டிய வழியிலேயே வெளியே போனான். நல்ல பையன்தான்.

பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் அழுதேன். நாளையிலிருந்து காலை பஸ்ஸுக்கு நான் ஓட வேண்டியதில்லை. பன்றிக் காதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு வந்திருந்தேன், அதை ஒட்டக்கூட ஆள் இருக்காது என்று நினைத்தபோது இன்னும் அழுகை வந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் தரகர் அண்ணாச்சி வந்து இறங்கினார். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ விவாதம், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் அண்ணாச்சியும் கத்தினார்.

"பிடிச்சுப்போச்சு! பையனோட அம்மா ஒத்தைக் கால்ல நிக்காவ, கட்டினா இந்தப் பொண்ணுதான்னு. எம் மகனுக்கும் சேத்துப் பேச ஒரு ஆளு வேணும்லாங்காவ."

எனக்கு நம்ப முடியவில்லை. அம்மா அடுக்களை வாசலில் காப்பி டம்ளரோடு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு விசயம்" என்றார் அண்ணாச்சி. "பையனோட மாமாக்காரரு, அந்த மீசைக்காரரு, ஒண்ணு சொல்லுதாரு. கல்யாணத்துக்குப் பொறவு இந்த வேலை வேண்டாம். பொம்பளைப் பிள்ளை நாலு பேரு முன்ன நின்னு ஆம்பளையளைத் தள்ளி நில்லுங்கறது குடும்பத்துக்குச் சரிப்படாதுங்காரு. வீட்டுக்குள்ள எம்புட்டு வேணாலும் பேசிக்கிடட்டுமாம்."

"நியாயந்தான? விட்டுட்டாப் போச்சு" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது என் வாயால் தட்டிப்போகவில்லை. நான் வாயைத் திறக்கத்தான் செய்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"நீ சும்மா இரிட்டி" என்றாள் என்னிடம். டம்ளரை அண்ணாச்சி முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நானும் அங்கனதான் உக்காந்திருந்தேன். அந்த மீசைக்காரரு எம்புட்டுப் பெரிய ஆளு. எம் மக தள்ளி நில்லுங்கன்னா. நின்னாரு. இன்னும் கொஞ்சம்னா. அதுக்கும் நின்னாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து, நான் சொல்லி ஒருத்தரு ஒரு அடி நகந்தது கிடையாது. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு, சொல்லுறதையே விட்டுட்டேன். எம் மகளுக்கு அப்படி ஒரு எடம் அமைஞ்சிருக்கு. அதை விட்டுட்டு வரச் சொல்லுத வீடு எங்களுக்கு வேண்டாம். போயிச் சொல்லிருங்க."

அண்ணாச்சி அப்பாவைப் பார்த்தார். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அமத்துங்க" என்றாள் அம்மா.

அப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். இதற்கு முன்னால் பார்த்தே இராத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ரிமோட் மடியில் கிடந்தது. எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"அமத்தச் சொன்னேன்" என்றாள்.

அப்பா டிவியை அணைத்தார்.